நடுக்கடலில் நின்று போகும் 'மெஷின்'கள்! குற்றவாளி யார்?

காசிமேடு விசைப்படகுகளின் என்ஜின் அறைக்குள் ஒரு ரவுண்டு!

நள்ளிரவு மணி 2. கரை விளக்குகள் கண்ணுக்குத் தெரியவில்லை. விசைப்படகில் வலை இறக்கியாகி விட்டது. 'டக... டக... டக...' என்று மெஷின் சத்தம் மட்டும் கேட்கிறது. அசதியில் ஆட்கள் தளத்திலேயே சுருண்டு படுத்திருக்கிறார்கள்.

திடீரென்று சத்தம் மாறுகிறது. ஒரு இருமல். இன்னொரு இருமல். அப்புறம் நிசப்தம்!

அத்தனை பேரும் துள்ளி எழுகிறார்கள். மெஷின் ஓடினால் தூக்கம் வரும். நின்றால் தூக்கம் கலையும். கடல் தொழிலில் அப்படித்தான்.

பிராட்வே பஸ் நடுரோட்டில் நின்றால் இறங்கி நடக்கலாம். கண்டக்டரிடம் சண்டை போட்டு மீதிக் காசு கேட்கலாம். அடுத்த பஸ்சில் தொற்றிக்கொள்ளலாம். இங்கே எங்கே இறங்குவது?

இது ஏதோ ஒரு படகில், ஏதோ ஒரு ராத்திரி நடந்த கதை அல்ல. காசிமேட்டிலும், நாகையிலும், தூத்துக்குடியிலும், ராமேஸ்வரத்திலும் இதைப் பற்றிப் பேச்சு எடுத்தால் போதும், ஆளுக்கு ஒரு அனுபவம் சொல்வார்கள். அவர்களுடைய பேச்சில் 'மெஷின்' என்றால் படகின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கும் அந்த டீசல் என்ஜின்தான்.

நின்றால் என்ன ஆகும்?

மெஷின் நின்ற படகுக்குச் சுக்கான் இருந்தும் பயன் இல்லை. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போனால்தான் சுக்கான் பிடிக்கும். நின்றுவிட்டால் அது வெறும் பலகை. காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் படகு போகும். அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிவிட்டால் ஆட்டம் தாங்காது.

சென்னைக் கடலில் இன்னொரு பயம் உண்டு. ராட்சத சரக்குக் கப்பல்கள் வந்து போகும் பாதை இது. அவற்றுக்கு நடுவே விளக்கு மங்கிப் போய் மிதக்கும் ஒரு படகு, லாரி ரோட்டில் படுத்திருக்கும் ஆளுக்குச் சமம்.

ராமேஸ்வரம் பக்கம் விவகாரமே வேறு. இந்தியாவும் இலங்கையும் 1974-லும் 1976-லும் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் கடல் எல்லைக் கோடு வரையப்பட்டது. அந்தக் கோடு தண்ணீரில் தெரியாது. பாக் நீரிணையில் அது அதிக தூரத்திலும் இல்லை. மெஷின் நின்ற படகை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் விட்டால் பிடிபட வேண்டியதுதான். "மெஷின் மக்கர் பண்ணிடுச்சுய்யா" என்று சொன்னால் உடனே விட்டுவிடுவார்களா?

2017 நவம்பர் 30 அன்று கன்னியாகுமரிக் கடலை ஒக்கி புயல் புரட்டிப் போட்டது யாருக்கும் மறந்திருக்காது. ஆழ்கடலில் இருந்த படகுகள் லட்சத்தீவு, மகாராஷ்டிரம், குஜராத் வரை போய் ஒதுங்கின. திரும்பி வராதவர்களும் பலர். அப்படிப்பட்ட நேரத்தில் மெஷின் ஓடுகிறதா இல்லையா என்பது உயிர்ப் பிரச்னை!

தெரிந்தே போட்ட ஓட்டைகள்!

விசைப்படகின் அடிப்பாகத்தில் ஓட்டைகள் இருக்கின்றன என்றால் நம்புவீர்களா? இருக்கின்றன. தெரிந்தே போட்டவை!

ஃபைபர் படகுகளில் மோட்டாரை வெளியே, பின்பக்கம் மாட்டியிருப்பார்கள். விசைப்படகில் அப்படி இல்லை. என்ஜின் உள்ளே, அடித்தளத்தில் கட்டைகள் மீது போல்டு போட்டு இறுக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து கியர் பாக்ஸ். அதிலிருந்து ஒரு நீண்ட இரும்புத் தண்டு. அந்தத் தண்டு படகின் அடியைத் துளைத்துக்கொண்டு வெளியே போய், புரொப்பல்லர் எனும் விசிறியைச் சுற்றுகிறது. அது ஒரு ஓட்டை. என்ஜினைக் குளிர வைக்கக் கடல்நீரை உள்ளே இழுக்கும் வால்வு இன்னொரு ஓட்டை.

இந்த இரண்டு ஓட்டைகளையும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்வதில்தான் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது.

தண்டு வெளியே போகும் இடத்தில் எண்ணெய் ஊறிய கயிறு போன்ற 'பேக்கிங்' சுற்றி, நட்டு போட்டு இறுக்கியிருப்பார்கள். தண்ணீர் சொட்டுகிறதே என்று புது ஆட்கள் அதை முறுக்கித் தள்ளுவார்கள். அதுதான் தப்பு! மெஷின் ஓடும்போது அங்கே நிமிடத்துக்குச் சில சொட்டு விழத்தான் வேண்டும். அந்தச் சொட்டுதான் தண்டைக் குளிர வைக்கிறது. ஒரேயடியாக இறுக்கினால் தண்டு சூடேறி, பேக்கிங் கருகி, தண்டே தேய்ந்து போகும். அப்புறம் சொட்டாது, கொட்டும்!

குற்றவாளி நம்பர் 1: டீசலில் தண்ணீர்

மெஷின் நின்று போன 'கேஸ்'களை விசாரித்தால் முதலில் மாட்டுவது டீசல்தான். டீசல் என்ஜினுக்கு மூன்று விஷயம் போதும்: சுத்தமான டீசல், சுத்தமான காற்று, குளிர்ச்சி. பெட்ரோல் வண்டி மாதிரி 'ஸ்பார்க் பிளக்' கிடையாது. உள்ளே காற்றை 16 முதல் 20 மடங்கு வரை அழுத்தும்போது அது 500 டிகிரி செல்சியசைத் தாண்டிக் கொதிக்கிறது. அந்த நெருப்புக் காற்றில் டீசலை ஊசித் துவாரம் வழியாகப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும்.

அந்த ஊசித் துவாரத்தில் ஒரு பொடி அழுக்கு போனாலும் வம்பு. ஒரு மடக்குத் தண்ணீர் போனால் மெஷின் அவுட்!

தண்ணீர் எப்படி வரும்? அரை டேங்க் டீசலோடு படகை நிறுத்தி வைத்தால், மீதி இடத்தில் இருக்கும் ஈரக் காற்று இரவில் குளிர்ந்து உள்சுவரில் வியர்க்கும். அது வழிந்து அடியில் தேங்கும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் கிருமிகள் வளர்ந்து பாசி மாதிரிக் கட்டி ஆகும். கடல் அமைதியாக இருக்கும் வரை எல்லாம் அடியிலேயே கிடக்கும். அலை அடித்துப் படகு குலுங்கும்போதுதான் கலங்கி பில்ட்டருக்கு வரும். அதாவது மெஷின் எப்போது நிற்கக் கூடாதோ, சரியாக அப்போதுதான் நிற்கும்!

பரிகாரம் ரொம்பச் சாதாரணம். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பில்ட்டரின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும். ஒரு டம்ளர் டீசல் வீணாகும். ஆனால் படகு தப்பிக்கும். படகைக் கட்டிப் போடும் நாட்களில் டேங்கை நிரப்பி வைக்க வேண்டும்.

நம்பர் 2: காற்று

டீசல் குழாயில் காற்று புகுந்தாலும் மெஷின் இருமும். "ஏர் பிடிச்சிடுச்சு" என்பார்கள். டேங்க் வற்றினாலோ, பில்ட்டர் மாற்றியபோது சரியாக மூடாவிட்டாலோ, குழாய் இணைப்பு லூசானாலோ இது வரும்.

விஷயம் தெரிந்த டிரைவர் பதற மாட்டார். பில்ட்டர் தலையில் உள்ள சிறு திருகைத் தளர்த்துவார். கைப்பம்பை அமுக்குவார். முதலில் நுரை நுரையாக வரும். நுரை நின்று சுத்தமான டீசல் வரும்போது திருகை இறுக்குவார். அடுத்து இன்ஜெக்ஷன் பம்பில் அதே வேலை. பிறகு ஸ்டார்ட். ஒரு ஸ்பானர், ஒரு டார்ச் லைட், பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

தெரியாதவர் என்ன செய்வார்? சாவியைத் திருகிக்கொண்டே இருப்பார். ஏர் போகாது, பேட்டரிதான் காலி ஆகும். பேட்டரி போனால் விளக்கு போச்சு, வயர்லெஸ் போச்சு. கையில் இருந்த கடைசி நம்பிக்கையையும் அவரே அணைத்துவிட்டார் என்று அர்த்தம்.

நம்பர் 3: ஒரு ரப்பர் சக்கரம்

மூன்றாவது ஆசாமிதான் பொல்லாதவன். ஆள் சிறிசு, உள்ளங்கையில் அடங்கிவிடுவான். கடல்நீரை உள்ளே இழுக்கும் பம்புக்குள் சுற்றும் ரப்பர் சக்கரம் அது. 'இம்பெல்லர்' என்று பெயர்.

டீசலை எரித்துக் கிடைக்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் தண்டைச் சுற்றுகிறது. மீதி எல்லாம் வெப்பமாகப் புகையோடும் தண்ணீரோடும் வெளியேற வேண்டும். காருக்கு முன்னால் ரேடியேட்டர் இருக்கிறது, காற்று அடிக்கிறது. படகின் வயிற்றுக்குள் ஏது காற்று? கடல்நீர்தான் கதி.

அந்த ரப்பர் சக்கரம் தண்ணீர் இல்லாமல் காய்ந்து சுற்றினால் சில நிமிடத்தில் இதழ்கள் பிய்ந்துவிடும். காலையில் கடல்நீர் வால்வைத் திறக்க மறந்து ஸ்டார்ட் செய்தால் தீர்ந்தது கதை.

புதுச் சக்கரம் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கேதான் ஏமாறுகிறார்கள்! பிய்ந்த ரப்பர் துண்டுகள் எங்கே போயின? குழாய் வழியாகப் போய், சூட்டை மாற்றும் மெல்லிய குழல்களில் அடைத்துக்கொண்டிருக்கும். பழைய சக்கரத்தில் எத்தனை இதழ் குறைகிறதோ அத்தனை துண்டும் கையில் கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் மறுபடி சூடேறும்.

இதில் நகரத்து ஜனங்களுக்கும் பங்கு உண்டு! கூவத்திலும் கால்வாய்களிலும் வீசும் கேரி பேக் கடைசியில் எங்கே போகிறது? கடலுக்குத்தான். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஆனாலும் பைகள் மிதந்து வருகின்றன. படகின் அடியில் உள்ள வால்வு வாயில் ஒரு பை போய் ஒட்டிக்கொண்டால், மூக்கைப் பொத்திய மாதிரி. தண்ணீர் நின்று மெஷின் கொதிக்கும். கடையில் கறிவேப்பிலை போட்டுக் கொடுத்த பை, நடுக்கடலில் ஒரு படகை நிறுத்திவிடலாம்!

மெஷின் கொதித்துவிட்டால் பச்சைத் தண்ணீரை அள்ளி மேலே ஊற்றவே கூடாது. இரும்பு விரிசல் விடும். சூட்டோடு மூடியைத் திறக்கவும் கூடாது. ஆவி முகத்தில் அடிக்கும். நிறுத்தி, ஆற விட்டு, அப்புறம்தான் கை வைக்க வேண்டும்.

புகை சொல்லும் சேதி

டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வார். மெக்கானிக் புகையைப் பார்ப்பார்.

கறுப்புப் புகை என்றால் மெஷின் தாங்க முடியாத பாரம் இழுக்கிறது, அல்லது போதிய காற்று வரவில்லை. படகின் அடியில் சிப்பியும் பாசியும் படிந்திருந்தாலும், விசிறியில் வலைக் கயிறு சுற்றியிருந்தாலும் இதே புகைதான்.

நீலப் புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. உள்ளே தேய்மானம்.

வெள்ளைப் புகை, குளிரில் ஸ்டார்ட் செய்தவுடன் கொஞ்சம் வந்தால் பயம் இல்லை. சூடான பிறகும் நிற்காமல் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது உள்ளே தண்ணீர் கசிகிறது.

ஆயில் குச்சியை உருவிப் பார்க்கும்போது ஆயில் கறுப்பாக இருந்தால் கவலை இல்லை. டீக்கடைப் பால் மாதிரி வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்துவிட்டது. அந்தப் படகு அன்றைக்குக் கடலுக்குப் போகக் கூடாது. ஓடும்போது ஆயில் பிரஷர் முள் சட்டென்று விழுந்தாலும் யோசிக்கவே கூடாது. உடனே நிறுத்த வேண்டும். எண்ணெய் இல்லாமல் ஓடும் ஒவ்வொரு விநாடியும் நஷ்டம்.

யார் பணம்? யார் உயிர்?

படகு ஓட்டுபவர் ஒருவர், ஓனர் வேறு ஒருவர். பல படகுகளில் இதுதான் நிலை. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு எல்லாம் போன பிறகுதான் மீதிப் பணம் பங்கு பிரியும். மெஷின் பாதியில் நின்று, இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தால் அந்த ட்ரிப்பில் பங்கு இல்லை. இழுத்த படகுக்கும் தொழில் கெட்டுப் போகும். நஷ்டம் ஓனரின் கணக்கில் எழுதப்படலாம். ஆனால் வீட்டில் உலை வைக்கக் காத்திருப்பது தொழிலாளியின் மனைவி!

"இந்த ட்ரிப்பு போய் வந்துடட்டும், அப்புறம் மாத்திக்கலாம்" என்ற பேச்சுதான் பல படகுகளை நிறுத்தியிருக்கிறது. பல கம்பெனிகள் 200 முதல் 250 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை ஆயிலும் பில்ட்டரும் மாற்றச் சொல்கின்றன. ராத்திரி பகலாக ஓடும் படகுக்கு 250 மணி என்பது பத்து நாள் சங்கதி. கணக்கு நோட்டில் மணி எழுதி வைக்காவிட்டால் ஞாபகம் இருக்குமா?

மிச்சம் பிடிக்க வேண்டுமானால் வேறு இடம் இருக்கிறது. 100 குதிரை சக்தி டீசல் என்ஜின் முழு பலத்தில் ஓடினால் மணிக்குச் சுமார் 18 முதல் 20 லிட்டர் குடிக்கும். விசிறியின் சுற்றை 10 சதவீதம் குறைத்தால், அது கேட்கும் சக்தி சுமார் 27 சதவீதம் குறைகிறது. வீட்டுக்குச் சற்றுத் தாமதமாகப் போனால் டீசல் கணிசமாக மிச்சம்! மற்ற படகை முந்தி ஏலத்துக்குப் போக வேண்டும் என்ற அவசரத்தில் இந்தக் கணக்கை யார் பார்க்கிறார்கள்?

கடலில் மறைந்த டீசல்!

இத்தனைக்கும் காரணமான மனிதரின் கதையே ஒரு மர்மக் கதை. ஜெர்மன் என்ஜினீயர் ருடால்ப் டீசல் 1897-ல் தன் என்ஜினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். 1913 செப்டம்பர் 29 இரவு, 'டிரெஸ்டன்' என்ற கப்பலில் ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போனார். காலையில் ஆள் இல்லை! படுக்கை கலையவில்லை. சில நாள் கழித்துக் கடலில் மிதந்த ஓர் உடலில் இருந்து எடுத்த பொருள்களைப் பார்த்து, அவை அப்பாவுடையவை என்று மகன் அடையாளம் காட்டினார். தற்கொலையா, விபத்தா, கொலையா? இன்றுவரை முடிவு தெரியாத கேஸ்!

அவருடைய பெயர் கொண்ட என்ஜின்களை நம்பித்தான் இன்று உலகம் பூரா மீனவர்கள் கடலுக்குப் போகிறார்கள். 1952-ல் கையெழுத்தான இந்தோ-நார்வே திட்டம்தான் கேரளத்தின் நீண்டகரையில் நம் நாட்டு விசைப்படகுத் தொழிலுக்கு வழிகாட்டியது. பிற்பாடு தமிழ்நாட்டுக் கரையிலும் பாய்மரம் போய் மெஷின் வந்தது. எண்ணூரில் ஆலை வைத்திருக்கும் அசோக் லேலண்ட், பஸ்-லாரி என்ஜின்களோடு படகு என்ஜின்களும் விற்கிறது. பாயைக் கிழித்தால் தைக்கத் தெரிந்த கைகள், ஸ்பானர் பிடிக்கப் பழகிக்கொண்டன. ராயபுரத்திலேயே மத்திய அரசின் 'சிப்னெட்' பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே கடல் என்ஜின் பிட்டர் வேலை கற்றுத் தருகிறார்கள்.

61 நாள் ஆஸ்பத்திரி

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்களுக்குப் பிரசவ காலம், மெஷின்களுக்கு ஆஸ்பத்திரி காலம்! படகைக் கரையேற்றி அடியைச் சுரண்டி வர்ணம் பூசுகிறார்கள். ஹெட்டைக் கழற்றுகிறார்கள். வால்வு தேய்க்கிறார்கள். இன்ஜெக்டரை டெஸ்ட் செய்கிறார்கள்.

சும்மா நிற்கும் மெஷின் தேயாது என்று நினைப்பது தப்பு. பழைய ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும். அதோடு நிறுத்தினால் உள்ளுக்குள் அரிக்கும். அதனால் நிறுத்தும் முன்பே ஆயிலை மாற்ற வேண்டும். கடல்நீர் ஓடிய குழாய்களில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அரிப்பைத் தான் வாங்கிக்கொண்டு மெஷினைக் காப்பாற்றும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருந்தால் புதுசு போட வேண்டும்.

வடித்த ஆயிலைத் துறைமுகத் தண்ணீரில் கொட்டுவது சிலருக்குப் பழக்கம். நாளைக்கு மீன் விற்கப் போகும் தண்ணீர் அது. டின்னில் பிடித்துக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

இன்னொரு சூட்சுமம். என்ஜினும் விசிறித் தண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கரையில் நிற்கும்போது நேராக இருந்த படகு, தண்ணீரில் இறங்கியதும் கொஞ்சம் வளையும். அதனால் இறக்கி ஓரிரு நாள் விட்டு மறுபடி 'அலைன்மென்ட்' பார்ப்பார்கள் கெட்டிக்கார மெக்கானிக்குகள். இரண்டு தட்டுகளுக்கு நடுவே மெல்லிய தகடு விட்டு நாலு பக்கமும் அளப்பார்கள். தலைமயிர் கனம் வித்தியாசம் இருந்தாலும் விட மாட்டார்கள். விட்டால் அதிர்வு, பேரிங் தேய்மானம், கடைசியில் தண்டு முறிவு.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு இம்பெல்லர், இரண்டு டீசல் பில்ட்டர், பெல்ட், குழாய் கிளிப்புகள், கொஞ்சம் பேக்கிங் கயிறு, ஆயில், நல்ல ஸ்பானர் செட், டார்ச். ஒரு பழைய டிரங்குப் பெட்டிக்குள் அத்தனையும் அடங்கும். இது இல்லாமல் பத்து நாள் கடலுக்குப் போவது, தீப்பெட்டி இல்லாமல் காட்டுக்குப் போவது மாதிரி.

அப்படியும் நின்றுவிட்டால்? முதலில் நங்கூரம். அடி எட்டினால் படகு நகராமல் நிற்கும். விளக்கைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். வி.எச்.எப். வயர்லெசில் 16-வது சேனல் அவசரத்துக்கு உரியது. செல்போன் எட்டும் தூரமானால் கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசுக்கு 1093. வெட்கப்பட இது நேரம் அல்ல.

ஜூன் 14 நள்ளிரவு தாண்டியதும் காசிமேட்டில் ஒரே நேரத்தில் மெஷின்கள் உறுமும். கரையில் பெண்களும் பிள்ளைகளும் நிற்பார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவிலும், பழகிய டிரைவர் ஒரு வேலையை மறக்க மாட்டார். ஸ்டார்ட் செய்ததும் படகின் ஓரமாக எட்டிக் குனிந்து பார்ப்பார். வெளிக்குழாயிலிருந்து தண்ணீர் ஒழுங்காகக் கொட்டுகிறதா என்று.

கொட்டினால்தான் கயிற்றை அவிழ்ப்பார்.